பாண்டிச்சேரிக் கௌதாரியும் இரண்டு முடிச்சும்

நம் விலங்கியல் அருங்காட்சியக அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர், பழைய பறவைத் தோல்களின் காலில் தொங்கிய அழுக்குச் சீட்டுகளைக் கத்தரித்துவிட்டு, அழகாகத் தட்டச்சு செய்த புதுச் சீட்டுகளைக் கட்டினார் என்று கேள்விப்பட்டேன். யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், வீட்டில் திட்டு விழும். ஆனால் அந்தச் செய்தி காதில் விழுந்தபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதே வேலையை, அதே அலமாரியில், நானும் செய்திருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது. அன்று மாலை ஒரு பெண் சாகக் கிடந்தாள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் நம் இதே கல்லூரியில், செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர், அதுவும் தற்காலிகம். வரும் திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் அறையைப் பார்வையிட வருகிறார், அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் உன்னை நிரந்தரமாக்குவேன் என்று முதல்வர் சொல்லியிருந்தார். அந்தப் பெரியவருக்குப் பறவைகளின் லத்தீன் பெயர் தப்பாக இருந்தால் பிடிக்காதாம். இது போதாதா எனக்கு? நான் ஏற்கெனவே லத்தீன் கிறுக்கன். ஒரு வயதான பாதிரியாரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

அந்தக் கிறுக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பறவையின் லத்தீன் பெயரில் இரண்டு சொற்கள் உண்டு. முதல் சொல் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டாவது சொல் அந்தக் கூட்டத்தில் இது யார் என்று சொல்லும். நம் மொழியில் நல்ல பையன், நல்ல பெண் என்று இருவருக்கும் ஒரே ‘நல்ல’தான். லத்தீனில் அப்படி விடமாட்டார்கள். முதல் சொல் ஆண்பாலாக இருந்தால் இரண்டாவது சொல்லின் வால் ‘உஸ்’ என்று முடிய வேண்டும், பெண்பாலாக இருந்தால் ‘ஆ’ என்று முடிய வேண்டும். மரக்கிளையில் புழு பொறுக்கும் ஒரு சாம்பல் குருவி இருக்கிறது. முதலில் அதை மஸ்கிகாபா என்ற பெண்பால் கூட்டத்தில் சேர்த்து, பாண்டிசெரியானா என்றார்கள். பிறகு யாரோ டெஃப்ரோடார்னிஸ் என்ற ஆண்பால் கூட்டத்துக்கு மாற்றினார்கள், உடனே பாண்டிசெரியானுஸ் ஆகிவிட்டது. குருவி இருந்த கிளையை விட்டு நகரவில்லை. பெயரின் வால் மட்டும் மாறிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை.

நம் கௌதாரிக்கும் இரண்டாவது பெயர் அதேதான். ஃப்ராங்கோலினுஸ் பாண்டிசெரியானுஸ். ‘பாண்டிச்சேரியைச் சேர்ந்தது’ என்று அர்த்தம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் பாண்டிச்சேரிப் பக்கத்தில் பார்த்து எழுதிய கௌதாரியை வைத்து, ஐரோப்பாவில் மேசைமுன் உட்கார்ந்திருந்த இன்னொருவர் சூட்டிய பெயர். இங்கே ஆத்தூர்ப் பக்கம் போனாலும் பழனி ரோட்டில் போனாலும் விடியும்போது கௌதாரிச் சத்தம் காதைத் துளைக்கும். ஆனால் புத்தகத்தில் அது என்றைக்கும் பாண்டிச்சேரிக்காரன்தான். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எல்லாக் கௌதாரிச் சீட்டிலும் பாண்டிசெரியானா என்று பெண்பாலில் எழுதி வைத்திருந்தார். அந்த ‘ஆ’ என் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி காதர் பாய். பேகம்பூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கை. எங்கள் கல்லூரிக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து பறவைகளைத் தோலுரித்து, பூச்சி அரிக்காமல் இருக்க உட்பக்கம் பாஷாணச் சோப்புத் தடவி, பஞ்சடைத்துத் தருவார். அவர் விரல் பட்ட பறவையில் ஒரு இறகு கலையாது. ஊர்க்காரர்கள் கண்ணி வைத்துப் பிடித்த பறவையை உயிரோடு கொண்டுவந்தால், முறைப்படி பிஸ்மில்லா சொல்லித் தொண்டையில் அறுத்துவிட்டுத்தான் உரிப்பார், அறுத்த தோலைக் கடைசியில் தைத்துவிடுவார். கறி அவர் வீட்டுக்குப் போகும். செத்துக் கொண்டுவந்த பறவையின் கறியை அவர் தொடமாட்டார். அது அவர்களுக்கு ஆகாது. கட்டடத்துக்குப் பின்னாலிருந்த சுண்ணாம்புக் குழியில் போட்டு மூடிவிடுவார்.

எது எந்தப் பறவையின் கறி என்று மாறிவிடாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். காலில் கட்டும் நூலில் முடிச்சு. உயிரோடு வந்து அறுத்ததற்கு ஒரு முடிச்சு. செத்து வந்ததற்கு இரண்டு முடிச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இதைச் சொல்லியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே, “உங்க சமையல் கணக்கெல்லாம் பறவை காலுலயா பாய்?” என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சித்தையன்கோட்டையிலிருந்து ஒருவர் ஒரு சாக்கில் ஆறு கௌதாரிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இந்த ஆறையும் சேர்த்து நூற்றிருபது பறவைகளின் சீட்டுகளையும் திங்கட்கிழமைக்குள் திருத்தி எழுத வேண்டும், அழியாத இந்தியன் இங்கில் கட்டைப்பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு காதர் பாய் ஆறையும் முடித்துத் தட்டில் அடுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டே என் மேசைப் பக்கம் வந்தார்.

“சார், ஜும்ஆவுக்கு நேரமாச்சு, போறேன். ஆறுக்கும் … முடிச்சு போட்டிருக்கேன், பாத்துக்கங்க. கறி அந்தத் தட்டுல கெடக்கு, வேலுகிட்ட சொல்லி…”

காதில் விழுந்தது அவ்வளவுதான், நடுவில் ஒன்றிரண்டு சொல்லும் கடைசியும் விழவில்லை. அப்போதுதான் ஒரு ‘உஸ்’ஸின் கடைசிச் சுழிப்பில் மை கசிந்துவிடும் போலிருந்தது. “சரி சரி” என்றேன். அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் வேலு வந்தான். பாவப்பட்ட மனுஷன், மூன்று பிள்ளைகள். “சார், அம்புட்டுக் கறியும் சும்மாக் கெடக்கு. எடுத்துக்கிடவா? வீட்டுல வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்ல” என்றான். நான் தலையை நிமிர்த்தாமல் “ம்” என்றேன். அவன் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மனைவியிடம் கொடுத்துவிட்டு, கல்லூரி மணியடிக்க நேரமானதால் சாப்பிடாமலேயே திரும்பி வந்தான்.

நான் அதன்பின் செய்த காரியத்தைத்தான் உங்களில் ஒருவரும் செய்திருக்கிறீர்கள். அலமாரியிலிருந்த பழைய சீட்டுகளை நூலோடு கத்தரித்தேன். பாய் புதிதாக வைத்துவிட்டுப் போன ஆறையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெள்ளை நூல், ஒரே மாதிரி சீட்டு. பழைய நூலையும் சீட்டையும் அள்ளி, தண்ணீர் காய்ச்சும் அடுப்பில் போட்டேன். எரிந்து முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று அலமாரியைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு அறையைப் பூட்டாமல் மாடியில் வகுப்பெடுக்கப் போய்விட்டேன். நான்கு மணிக்கு முதல்வர் அறை பியூன் அங்கே ஓடிவந்தான். “சார், வேலு சம்சாரம் ஆஸ்பத்திரில கெடக்கு. போலீஸ் வந்திருக்கு. ஒங்களையும் வரச் சொன்னாங்க.”

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வேலு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், அவர்களுக்கு நடுவில் காதர் பாய், தொழுகைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது. பெஞ்சின் மேல் எங்கள் அறையிலிருந்து எடுத்து வந்த பாஷாண டப்பா, மண்டையோட்டுப் படம் போட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் என் ஆறு கௌதாரிகளும் மல்லாக்கக் கிடந்தன, கால்களில் என் புதுச் சீட்டுகளோடு.

நடந்தது இதுதான். வேலுவின் மனைவி பேச்சி, ஆறு பறவைகளின் இரைப்பையையும் வெறுங்கையால் பிதுக்கிக் கழுவியிருக்கிறாள். ஈரலை முதலில் வதக்கி ருசி பார்த்திருக்கிறாள். அரை மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பாததால் தப்பின. பதறிப்போன வேலு, “பாய் உரிச்ச கறிங்கய்யா” என்று சொல்லியிருக்கிறான். போலீஸ் கல்லூரிக்குப் போய் பாஷாண டப்பாவைப் பார்த்தது. உரித்த கையும் பாஷாணம் தொட்ட கையும் ஒன்றுதானே? பாயைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து டாக்டரம்மா வேகமாக வந்தார். நாற்பது வயது, குரல் கணீரென்று இருக்கும். “காலேஜ்ல இந்தப் பறவைகளுக்குப் பொறுப்பு யாரு?” என்றார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் பையன் தூக்குவது மாதிரி.

“கேட்டுக்கங்க. அவ கண்மணி ரெண்டும் கடுகளவு சுருங்கிப் போச்சு. எச்சில் நிக்காம ஊத்துது, மூச்சு இழுக்குது. எனக்கென்னமோ இது வயல்ல அடிக்கிற புது மருந்துன்னு படுது. ஆனா எல்லாரும் பாஷாணம் பாஷாணம்ங்கிறாங்க. வயல் மருந்துன்னா நான் ஒரு ஊசிய வழக்கத்துக்கு மேல பல மடங்கு போடணும். தப்பாப் போச்சுன்னா அந்த ஊசியே அவ நெஞ்ச நிறுத்திரும். அரை மணி நேரம்கூடக் கையில இல்ல. இந்தப் பறவையெல்லாம் உயிரோட வந்துச்சா, செத்து வந்துச்சா? எங்கேருந்து வந்துச்சு?”

கேட்டுக்கொண்டே பெட்டியிலிருந்து ஒரு கௌதாரியை எடுத்து, காலில் இருந்த சீட்டைத் திருப்பிப் படித்தார். மருந்துச் சீட்டு எழுதி எழுதி அவருக்கும் கொஞ்சம் லத்தீன் தெரிந்திருந்தது. “பாண்டிசெரியானுஸ்… பாண்டிச்சேரியா? பாண்டிச்சேரிலேருந்தா வந்துச்சு இது?”

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். எங்கிருந்து வந்தது என்று தேடிய ஒருவருக்கு என் சீட்டில் கிடைத்த ஒரே ஊர் அதுதான்.

“இல்லங்கம்மா” என்றார் காதர் பாய். “சித்தையன்கோட்டை ஆளு சாக்குல கொண்டாந்தாரு. வரப்புல செத்துக் கெடந்துச்சுன்னாரு. உயிரோட வந்தா ஒரு முடிச்சு, செத்து வந்தா ரெண்டு முடிச்சு போடுவேன். இதுக்கு ரெண்டு போட்டு வச்சுட்டு, குழியில போடச் சொல்லி சார்கிட்டச் சொல்லிட்டுத்தான் தொழுகப் போனேன். வேணும்னா முடிச்சப் பாருங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பறவையின் காலைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை நூலில் என்னுடைய பூப்போன்ற முடிச்சு ஒன்றே ஒன்று இருந்தது. “ஒரு முடிச்சுதான்யா இருக்கு. அப்ப உயிரோட வந்ததுதானே?”

பாய் அதிர்ந்து போய் என்னைப் பார்த்தார்.

“நூலை நான் மாத்திட்டேன்” என்றேன். “பழைய நூலை அடுப்புல போட்டுட்டேன்.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “சரி, போகட்டும். இவரு ஒங்ககிட்ட ரெண்டு முடிச்சுன்னு சொன்னாரா, இல்லையா? ஒரே வார்த்தை.”

பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் அதைவிடக் கஷ்டமான நேரம் எனக்கு வரவில்லை. சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாய் தப்பிப்பார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவர் ஒன்று என்றாரா, இரண்டு என்றாரா, எண்ணே சொல்லாமல் முடிச்சு என்று மட்டும் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. பேனா முனையில் இருந்த என் காதில் அது ஏறவே இல்லை. என் வார்த்தையை நம்பி அந்த அம்மா ஊசியைப் போட்டு, நான் நினைத்தது தப்பாக இருந்தால் உள்ளே கிடப்பவள் போய்விடுவாள். பறவை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே எல்லாம் தெரிந்த மாதிரி ஏற்கெனவே நூற்றிருபது சீட்டு எழுதி வைத்தவன் நான். நூற்றிருபத்தொன்றாவதை என் வாயால் எழுத பயமாக இருந்தது.

“சொன்னாரான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் காது குடுக்கல” என்றேன்.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா சட்டென்று உள்ளே திரும்பப் போனார். நான் அவமானத்தில் குனிந்தேன், குனிந்த இடத்தில் கௌதாரிகள் மல்லாக்கக் கிடந்தன. ஆறின் தொண்டையும் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பாய் அறுத்த பறவை என்றால் தொண்டையில் தையல் இருக்குமே! அந்தத் தையல் பாடம் செய்த பறவையின் அழகைக் கெடுக்கிறது என்று நான்தானே அவரோடு மாதா மாதம் சண்டை போடுவேன்!

“அம்மா, நில்லுங்க!” என்று கத்தினேன். முதல் பறவையின் தொண்டை இறகை விரலால் விலக்கினேன். தையல் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரைக்கும் தையல் இல்லை. கத்தி பட்ட அடையாளமே இல்லை. நெஞ்சில், முதுகில், இறக்கையடியில் தடவிப் பார்த்தேன், குண்டு துளைத்த ஓட்டையும் இல்லை. “அறுக்கவும் இல்ல, சுடவும் இல்லம்மா. ஆறும் ஒரே நாள்ல தானாச் செத்திருக்கு. உயிரோட வந்திருந்தா பாய் அறுக்காம உரிக்கவே மாட்டாரு. அது அவரு முறை. பாஷாணம் கறியில படாது, கறிய எடுத்து வச்ச பிறகுதான் தோலுல தடவுறது.”

டாக்டரம்மா ஒரு பறவையை வாங்கித் தானே விலக்கிப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “நர்ஸ், அந்த ஊசிய எடு. இருக்கறது எல்லாத்தையும் எடு!”

கதவு சாத்திக்கொண்டது. சப்-இன்ஸ்பெக்டர், “அப்படியே இருந்தாலும் செத்த பறவையக் குடுத்தது இவருதானே?” என்று பாயைக் காட்டினார்.

“அவரு குடுக்கல. வேலு என்னைத்தான் கேட்டான். நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்.”

வேலு அப்போதுதான் தலையைத் தூக்கினான். அவன் கண்ணில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. “கேட்டேன்ல சார். நீங்க தலையே நிமிரல. பெரிய வேலையா இருக்குதுன்னு நானும் மறுக்கக் கேக்கல” என்றான்.

வெளிச்சம் இருக்கும்போதே பேச்சிக்கு மூச்சு சீரானது. டாக்டரம்மா வெளியே வந்து, “கண்மணி விரியுது. பொழச்சுக்குவா” என்றார். வேலு தரையில் விழுந்து அழுதான். பாயைப் போகச் சொன்னார்கள். ஒரு கான்ஸ்டபிள் மறுநாள் சித்தையன்கோட்டைக்குப் போய், அந்த வயலில் புது மருந்து கலந்த விதை தூவியிருந்ததையும், வரப்பெல்லாம் கௌதாரியும் மைனாவும் செத்துக் கிடந்ததையும் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை சென்னைப் பெரியவர் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டு சீட்டாகப் படித்தார். ஒரு தப்பு இல்லை. மாநிலத்திலேயே இவ்வளவு சுத்தமான பெயர்களைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று முதல்வர் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னை நிரந்தரமாக்கினார்கள். இதை என்னவென்று சொல்வது? எனக்கு அந்தக் கையை உடனே கழுவ வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை காதர் பாய் வழக்கம்போல வேலைக்கு வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்த ஆறில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“சார், இதுல என்னதான் எழுதியிருக்கு?”

“ஃப்ராங்கோலினுஸ் பாண்டிசெரியானுஸ். பாண்டிச்சேரியைச் சேர்ந்த கௌதாரின்னு அர்த்தம் பாய்.”

அவர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “சித்தையன்கோட்டைன்னு எழுத இதுல எடம் பத்தாமப் போச்சா சார்?”

நான் சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பேனாவை எடுத்து, அவர் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதினேன்: சித்தையன்கோட்டை வரப்பு. செத்து வந்தது. அவர் தன் நூல்கண்டை எடுத்து இரண்டு முடிச்சு போட்டார். ஆறுக்கும் அப்படியே செய்தோம். ஏழாவதாக அவர் ஒரு மீன்கொத்தியை எடுத்து நீட்டி, “இது எங்கேருந்து சார்?” என்று கேட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஆறும் அலமாரியில் நீங்கள் இன்னும் கை வைக்காத இரண்டாம் தட்டில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். அங்கேயே உள்ள மற்ற நூற்றுப் பதினான்கின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வெறுமையாக இருக்கும். பெயரெல்லாம் சரி, வாலெல்லாம் சரி. அவை எந்த ஊரில் பறந்தன, எப்படிச் செத்தன என்று இனி யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய பழைய சீட்டுகளையும் முடிச்சுகளையும் எரித்தது நான்.

நீங்கள் போன வாரம் கத்தரித்த சீட்டுகள் இன்னும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கின்றன என்று வாட்ச்மேன் சொன்னார். குப்பை வண்டி நாளைக் காலையில் வருகிறதாம். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போங்கள்.